பேய் வீடு என்று பேரெடுத்த பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொங்கு நாட்டில் பெரிய ஊர் எதுவானாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அகலமான திண்ணை, ஓடு சரிந்த தாவாரம், துருப்பிடித்த பூட்டு, "பொழுதோட அந்தப் பக்கம் போகாதீங்க" என்கிற பேச்சு. இவற்றில் சில இன்றைக்கு அருங்காட்சியகமாகவோ நினைவகமாகவோ ஆகியிருக்கின்றன. சிலவற்றைக் குடும்பத்தாரே துடைத்துத் திறந்து காட்டுகிறார்கள். பூட்டுத் திறந்த பிறகும் அந்தப் பேர் மட்டும் போவதில்லை. உள்ளே நுழையும்போதே, "மேல சத்தம் கேக்குமாமே, நெசமுங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு போனால், அரை மணி நேரத்தில் நான்கு அறையைச் சுற்றிவிட்டு ஒன்றும் பார்க்காமலே திரும்பி வருவீர்கள்.

எந்த வீட்டையும் இங்கே பேர் சொல்லிப் பேய் வீடு என்று எழுதவில்லை. அந்தக் கதையில் செத்துப்போனவராக வருகிறவருக்குப் பேரன் பேத்திகள் இருப்பார்கள். பெரும்பாலும் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளித்தான் இருப்பார்கள். நமக்குக் கதையாகத் தெரிவது அவர்கள் வீட்டில் நடந்த சாவு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லியிருப்பதில் பாதி தானாகவே வந்துவிடும்.

சாவி யாரிடம்?

முதல் வேலை, வீடு யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. அரசு அருங்காட்சியகம் என்றால் பொதுவாக வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த இரண்டாம் சனிக்கிழமையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சங்ககிரிக் கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கும் இடங்களில் பொழுது சாய்ந்த பிறகு யாருக்கும் இடமில்லை.

குடும்பத்தார் வைத்திருக்கும் வீடுகளில்தான் சிக்கல். பங்காளிகள் நான்கு பேருக்குப் பாத்தியம் இருக்கும், சாவி ஐந்தாவது ஆளிடம் இருக்கும். அதனால் தொலைபேசியில் "எப்பத் திறந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அன்றைக்குச் சாவி யாரிடம் இருக்கும்? மேல்மாடியும் பின்கட்டும் பார்க்க விடுவார்களா? படம் எடுக்கலாமா? குலதெய்வக் கோயில் நோம்பி, கெடாவெட்டு, அமாவாசைப் படையல் இருக்கிற நாளில் போகாதீர்கள். ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்து நிறைந்திருக்கும் வீட்டில் நமக்கு யாரும் நேரம் கொடுக்க முடியாது.

மாதத்தைப் பொறுத்தவரை தையும் மாசியும் நல்லவை. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் மாடி அடுப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்துக் கல்லில் பாசி பிடித்து வழுக்கும், நைந்த ஓடு விழும். சத்தம் கேட்பதற்கென்றே போகிறவர்களுக்கு ஆனி, ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் என்று வீசுகிற காலம் அது. இந்தப் பகுதியில் காற்றாலைகள் இத்தனை நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், கொக்கி போன ஜன்னல் எம்மாத்திரம்?

நேரம் எது என்றால், சாத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே இருப்பது மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்துவிடலாம். அடுத்த ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் சாயும், கூட்டமும் குறையும், அப்போது வீட்டைக் கேட்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். செல்போன் வெளிச்சத்தை நம்பாமல் தனியாக ஒரு டார்ச். தூசிக்கும் வௌவால் எச்சத்துக்கும் ஒரு முகக்கவசம், சாதாரணத் துணியைவிட என்-95 நல்லது. கழற்றி மாட்ட லேசாக இருக்கும் மூடிய செருப்பு அல்லது ஷூ: ஆசாரத்துக்குள், அதாவது வீட்டுக் கூடத்துக்குள், வெறுங்காலோடுதான் போக வேண்டும், பொடக்காளிப் பக்கம், அதாவது புழக்கடைப் பக்கம், வெறுங்காலோடு போகக் கூடாது. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள். சின்ன நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், பழைய காகிதம், துணி பக்கத்தில் மை சிந்தினால் போகாது. முதுகுப்பை வேண்டவே வேண்டாம். குறுகிய நடையில் திரும்பும்போது அது எதையாவது இடித்துத் தள்ளிவிடும். பழைய வீட்டில் உடைகிற பொருள்களில் பல இப்படி முதுகுக்குப் பின்னால்தான் உடைகின்றன.

வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

காவல்காரரிடம் பேசுவது

வீட்டைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவர் அநேகமாக அவர்தான். வயதுக்கு ஏற்றபடி அண்ணா, ஐயா, அம்மா என்று கூப்பிட்டு, வந்த ஊரைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். "இங்க பேய் இருக்குதாமே?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவர் வாயை மூடிக்கொள்வார். இல்லாவிட்டால், எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகின கதையை ஒப்பித்துவிடுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஏனுங்ண்ணா, இந்த வீட்ல கடைசியாக் குடியிருந்தவங்க யாருங்க?"

"அவுங்க போன பொறகு எத்தன வருசம் பூட்டிக் கெடந்துதுங்க?"

"பொழுது சாஞ்ச பொறகு நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலைக் கவனமாகக் கேளுங்கள். ராத்திரி அந்த வீட்டில் தூங்குகிற ஆளுக்கு எந்த ஜன்னல் அடிக்கும், எந்தக் கட்டையில் சத்தம் வரும் என்று தெரியும். கதை சொல்கிறவருக்குத் தெரியாதது அதுதான்.

காசு கொடுத்து, ராத்திரி ஒரு மணி நேரம் திறந்துவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். உள்ளே ஏதாவது ஆனால் வேலை போகிறது அவருக்கு. அனுமதியில்லாமல் சுவரேறிக் குதிப்பது அத்துமீறி நுழைந்த குற்றம். வீடு பூட்டிக் கிடந்தாலும் அதற்கு உடையவர் இருக்கிறார்.

உள்ளே: முற்றத்தில் நில்லுங்கள்

தொட்டிக்கட்டு வீடு என்றால் முதலில் தொட்டியில், அதாவது நடு முற்றத்தில், போய் நின்றுகொள்ளுங்கள். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழைத் தண்ணீர் அங்கே வந்து விழுகிற மாதிரி கட்டியிருப்பார்கள். அங்கே நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் வீட்டின் மூச்சு புரியும். வெயிலில் முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும், அந்த இடத்தை நிரப்ப அறைகளின் குளிர்ந்த காற்று வெளியே வரும். ஒன்றரை, இரண்டு அடி கனமுள்ள மண்சுவரும் சுண்ணாம்புக் காரையும் பகல் சூட்டை உள்ளே விடாது. வெளியே கொளுத்துகிற வெயிலிலிருந்து அப்படி ஓர் அறை வாசலில் கால் வைத்ததும் முதுகு சிலிர்க்கும். வேர்வை நனைந்த சட்டையில் குளிர்ந்த காற்று படுகிறது, அவ்வளவுதான். இந்தச் சிலிர்ப்பைத்தான் பலர் "அந்த ரூமுக்குள்ள போனதும் என்னமோ பண்ணுச்சு" என்று சொல்கிறார்கள். நிழலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வேர்வை காய்ந்த பிறகு அதே அறைக்கு மறுபடி போய்ப் பாருங்கள்.

அடுத்தது கதவு. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு எல்லாப் பேய் வீட்டிலும் உண்டு. பழைய கதவுகளுக்குக் கீல் இருக்காது. மேலேயும் கீழேயும் மரத்திலேயே குடுமி விட்டு, அதைக் கல் குழியில் உட்கார வைத்திருப்பார்கள். மண்சுவர் ஒரு பக்கம் இறங்கினால் நிலவு, அதாவது கதவு மாட்டியிருக்கும் மரச்சட்டம், சாயும். நிலவு அரை அங்குலம் சாய்ந்தாலே போதும், அந்தக் கனமான கதவு தன் பாரத்தில் திரும்பி வரும். சோதிப்பது சுலபம். காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு, கதவை நேர்குத்தாகத் திறந்து கையை எடுத்துவிடுங்கள். மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் வந்து நின்றால் அது சாய்மானம். ஒவ்வொரு தடவையும் மாறினால் காற்று. எதிர்ப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாருங்கள், கதவு அப்படியே நிற்கும்.

சத்தங்களுக்கு வருவோம். மாலை ஆறரை மணியிலிருந்து எட்டு, எட்டரை வரை கூரையில் "டிக்… டக்" என்று விட்டுவிட்டுக் கேட்பது, பகலெல்லாம் காய்ந்த ஓடும் கட்டையும் ஆறுகிற சத்தம். பனஞ்சட்டம், தேக்கு விட்டம், இரும்பு ஆணி மூன்றும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஒன்றை ஒன்று இழுத்து, பிடி விடுகிறபோது அந்தச் சத்தம் வருகிறது. மேகமூட்டமான நாளில் இது குறைவாக இருக்கும். நடு ராத்திரியில் ஓட்டின் மேல் ஆள் நடப்பது போலக் கேட்பது மரநாய். பூனையைவிடக் கனம், பின்மாலைக்கு மேல்தான் வெளியே வரும், நடந்த வழியிலேயே நடக்கும். அதனால்தான் "தெனமும் ஒரே பக்கம் நடக்குது" என்கிறார்கள்.

கல் விழுகிற சத்தத்துக்குக் கொல்லையில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். நாட்டு வாதுமையோ இலுப்பையோ இருந்தால், பழந்தின்னி வௌவால் பழத்தைக் கவ்வி வந்து, சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. காய்ந்த வாதுமைக் கொட்டை ஓட்டில் விழுந்து எறவாரம் வரைக்கும் உருளும் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வராது. விடியாலே கூரையோரத்தில் குனிந்து தேடினால் சப்பின கொட்டைகள் கிடக்கும்.

இவை எல்லாவற்றையும் விட ஆளை நடுங்க வைப்பது மூச்சுச் சத்தம். பரண் பக்கமிருந்து, யாரோ வயசானவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவது போல வரும். அது கூகைக் குஞ்சு. வெள்ளை முகம் இதய வடிவில் இருக்கும் கூகை, ஆளில்லாத கட்டடத்தின் முகட்டு ஓட்டையில் முட்டையிடும். குஞ்சுகள் பசிக்கும்போது குறட்டை போலச் சீறிக்கொண்டே இருக்கும், தாய் இரை கொண்டுவருகிற வரை நிறுத்தாது. தாய்ப் பறவை கத்தினால் பெண்குரல் அலறுவது போலவே இருக்கும். கீழே தரையில் மயிரும் சின்ன எலும்பும் சேர்ந்து உருண்டையாகக் கிடந்தால் கூகை இருப்பது உறுதி. எலியை முழுசாக விழுங்கிவிட்டுச் செரிக்காததைக் கக்கியிருக்கும். தொந்தரவு செய்யாதீர்கள். வயக்காட்டு எலியை அது தின்கிற அளவுக்கு வேறு எதுவும் தின்பதில்லை என்று விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். சட்டமும் அதற்குக் காப்புக் கொடுத்திருக்கிறது.

சுவரில் வழிந்த ரத்தக் கறை என்று காட்டுகிற இடங்களில் டார்ச்சைப் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். கறை ஓர் ஆணியிலோ கொண்டியிலோ தொடங்கினால் அது மழைத் தண்ணீரில் இறங்கிய துரு. வெள்ளையாக முகம் போலத் தெரிவது உப்புப் பூத்தது. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் சுவரில் ஏறிக் காய்ந்தால் காரையைத் தள்ளிக்கொண்டு பூக்கும். கையால் தேய்க்காதீர்கள், காரையோடு கொட்டிவிடும்.

பழைய பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் ஒரு எச்சரிக்கை. ரசம் போன இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும், அது வேறு. மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடியில் தன் முகத்தையே வெறித்துப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் முகம் கோணி, வேறு யாரோ போலத் தெரியத் தொடங்கும். ஜியோவானி கபுட்டோ என்ற இத்தாலிய உளவியலாளர் இதைச் சோதித்து 2010-ல் எழுதியிருக்கிறார். யாருக்கும் நடக்கக்கூடியது. பிள்ளைகளை அந்த விளையாட்டுக்கு விடாதீர்கள்.

கதையைச் சோதிப்பது

காரணங்கள் தெரிந்துவிட்டால் கதை பொய் என்று தள்ளிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சத்தத்துக்குக் காரணம் வேறு, அந்தச் சத்தத்துக்கு இன்னார் பேர் வைத்ததற்குக் காரணம் வேறு. இரண்டாவதைத் தேடுகிறபோதுதான் வீட்டின் வரலாறு கையில் கிடைக்கிறது.

வீட்டின் வயதிலிருந்து தொடங்குங்கள். வாசல் நிலவுக்கு மேலே பார்த்தால் சில வீடுகளில் தமிழ் வருடப் பெயர் செதுக்கியிருக்கும். அது அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவது. "விரோதிகிருது வருசம்" என்றிருந்தால் அது 1851 ஆகலாம், 1911 ஆகலாம், 1971-ஆகவும் இருக்கலாம். எதென்று கண்டுபிடிக்க மற்ற அடையாளங்களைப் பார்க்க வேண்டும். ஆண்டு தமிழ் எண்ணில் ௧௯௧௧ என்று இருந்தால் வேலை மிச்சம்.

ஓட்டைப் பார்த்து ஆண்டு சொல்வதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அவர்களுடைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பேரோடு 1865 என்றும் அச்சு இருக்கும். உடனே "வீடு 1865-ல் கட்டினது" என்று எழுதிவிடுகிறார்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வந்த ஓட்டிலும் அதே எண்தான். வீட்டில் நாட்டு ஓடு ஒரு பக்கமும் இந்தச் சீமை ஓடு ஒரு பக்கமும் இருந்தால், பழைய கட்டு எது, பின்னால் சேர்த்த கட்டு எது என்று ஒரு குறிப்புக் கிடைக்கும். ஆனால் கூரையை மட்டும் பின்னால் மாற்றியிருக்கலாம். அதனால் சுவரையும் சேர்த்துப் பாருங்கள்: மண்ணா, கல்லா, செங்கல்லா, காரையா, சிமெண்டா.

வயது ஓரளவு தெரிந்தால் கதையோடு பொருத்திப் பாருங்கள். "வெள்ளைக்காரத் துரை தூக்குப் போட்டுக்கொண்ட அறை" என்கிற இடத்தில் சுவர் முழுக்கச் சிமெண்டு பூச்சு, தரையில் மொசைக் என்றால் அந்த அறை துரை காலத்தில் இல்லை. சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது 1805-ஆம் ஆண்டு ஜூலை 31. ஊர் இன்றும் ஆடிப் பெருக்கன்று அவரை நினைக்கிறது. ஓடாநிலையில் அவர் கோட்டையை வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள், இன்று அங்கே அவருக்கு அரசு மணிமண்டபம் இருக்கிறது. இப்படி நாள் தெரிந்த நிகழ்ச்சியை, நூறு வருடம் கழித்துக் கட்டின பங்களாவில் கொண்டுவந்து ஒட்டுகிற கதைகள் கொங்கு நாட்டில் ஏராளம். அவருடைய வீரர்கள் நடமாடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், வீடு எந்த வருடம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியா போகிற பெற்றோர்களைச் சான் ஓசே நகரத்தில் வின்செஸ்டர் வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பத்துச் சாரா வின்செஸ்டர் என்ற அம்மா, 1922-ல் சாகும்வரை விரித்துக் கட்டிக்கொண்டே இருந்த வீடு அது. அறைகள் 160 அளவில் வரும். கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டைக் காட்டி, ஆவிகளை ஏமாற்றக் கட்டினது என்பார்கள். 1906-ல் வந்த நிலநடுக்கத்தில் அந்த வீட்டின் மேல்மாடிகளும் கோபுரமும் இடிந்தன, பிறகு அவற்றைத் திருப்பிக் கட்டவில்லை. படி போன இடம் போய்விட்டது, படி மட்டும் நிற்கிறது. நம் ஊர் வீடுகளிலும் வானத்தைப் பார்த்து நிற்கும் படியோ சுவரில் திறக்கும் கதவோ இருந்தால், முதலில் பாகப்பிரிவினை நடந்ததா என்று விசாரியுங்கள். பங்காளி ஒருவர் தன் பங்கை இடித்து மரத்தை விற்றிருப்பார்.

வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்பதும் முக்கியம். பாகத் தகராறு ஒரு காரணம். கொள்ளைநோய் இன்னொன்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோயம்புத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. நகரத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. எலி செத்து விழுந்தால் வீட்டைப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் சாளை (குடிசை) போட்டுத் தங்கினார்கள். போன எல்லோரும் திரும்பி வரவில்லை. ஒரே மாதத்தில் மூன்று சாவு விழுந்த வீட்டுக்குத் திரும்பிக் குடிவர யாருக்குத்தான் மனசு வரும்?

கடைசியாக, வெள்ளைச் சேலை. கதை எந்த ஊரில் கேட்டாலும் வெள்ளைச் சேலைக்காரி வருவாள். கொங்கு நாட்டில் கணவனை இழந்த பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்துவது நெடுங்கால வழக்கம். சின்ன வயதில் கல்யாணம் செய்து, சின்ன வயதிலேயே தாலி இழந்து, ஐம்பது அறுபது வருடம் அந்தப் பின்கட்டிலேயே வெள்ளைச் சேலையோடு நடமாடின பெண்கள் இந்த வீடுகளில் உண்மையாகவே இருந்தார்கள். முன் ஆசாரத்தில் பாருங்கள், வரிசையாக ஆண்கள் படம் மாட்டியிருக்கும். பேரும் பட்டமும் இருக்கும். அந்தப் பெண்களுக்குப் படம் இருக்காது, பல வீடுகளில் பேரே யாருக்கும் நினைவிருக்காது. அதனால் "வெள்ளைச் சேலை கட்டிட்டு ஒரு அம்மா நடக்குமுங்க" என்று யாராவது சொன்னால், பேயைப் பற்றிக் கேட்காமல், "அந்த அம்மா பேரு என்னங்க?" என்று கேளுங்கள். பேர் கிடைத்தால் நோட்டில் எழுதிக்கொண்டு, வீட்டை நடத்துகிறவர்களிடமும் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

மூலை அறையிலோ பரணிலோ ஒரு கூடை, அதில் மடித்த சேலை, வளையல், மஞ்சள் என்று இருந்தால் தொடாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். கல்யாணம் ஆகாமலோ சுமங்கலியாகவோ இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற முறை அது. வருடம் ஒரு முறை படையல் நடக்கும். செய்வினை என்று அதைச் சமூக வலைத்தளத்தில் போட்டவர்களால் குடும்பங்கள் வெட்கப்பட்டு, வீட்டையே மூடிவிடுவதுண்டு.

போகக் கூடாத இடங்கள்

நிலவறை, தரைக்கடியில் தானியம் கொட்டி வைக்கிற குழி, பாழுங்கிணறு, இந்த மூன்றிலும் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். பழைய பண்ணை வீடுகளில் சோளமும் கம்பும் குழியில் கொட்டி, கல் வைத்து மூடி, மண் பூசிவிடுவார்கள். மூடின குழிக்குள் தானியம் மூச்சு விட்டுப் பிராணவாயுவைத் தின்றுவிடும், கரியமில வாயு சேர்ந்து அடியில் தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கினவர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் அவர் மேலேயே விழுவார். "குழிக்குள்ள முனி அடிச்சிருச்சு" என்ற கதைகள் இப்படிப் பிறந்தவை. குழி காலியாக இருந்தாலும் இலைகுப்பை மக்கினால் இதேதான். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுங்கள்.

மர மாடி இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் ஏறாதீர்கள். சுவரோரமாக நடங்கள், விட்டம் சுவரில் ஏறி உட்காரும் இடம் அதுதான். நடுவில் நடப்பதானால் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் கோட்டின் மேல் காலை வையுங்கள், அதற்கடியில் கட்டை இருக்கும். பலகையைத் தட்டினால் பொக்கென்று ஒலித்தால் கரையான். பழைய ஸ்விட்சுகளைத் தொடாதீர்கள்.

எறவாரத்தில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அதற்கடியில் ஃபிளாஷ், சென்ட், பீடி, சிகரெட் எதுவும் கூடாது. கிளம்பிவிட்டால் அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஏதாவது அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். இடிந்த சுவர், ஓட்டுக் குவியல் இருக்கும் பக்கம் சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் சாதாரணம். கையை விடுவதற்கு முன் வெளிச்சம் விடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பழைய வீடுகளில் ஆளைக் கொல்வது இவைதான்.

படம்

ஃபிளாஷ் போட்டால் லென்சுக்குப் பக்கத்தில் மிதக்கும் தூசி, உருண்டை உருண்டையாக ஒளிரும். செல்போனின் நைட் மோடு ஒரு வினாடி, சில சமயம் மூன்று வினாடிவரை திறந்திருந்து படம் எடுக்கும். அதற்குள் யாராவது குறுக்கே நடந்தால் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஓர் உருவம் விழும். ஒரே இடத்தில் ஐந்து படம் அடுத்தடுத்து எடுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். தொல்லியல் துறைக் காப்பில் இருக்கும் இடத்தின் சுவரில் பேர் கிறுக்கினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. மற்ற வீட்டில் கிறுக்கினால் அந்தச் சட்டம் வராது, ஆனால் சுண்ணாம்புக் காரை பூசுகிற கை தெரிந்த கொத்தனார் இன்றைக்குக் கிடைப்பது அரிது.

காவல் இல்லாத வீட்டின் இருப்பிடத்தைப் படத்தோடு பகிராதீர்கள். புதையல் தேடித் தரையைத் தோண்டுகிறவர்களும், தேக்குத் தூணையும் நிலவையும் பெயர்த்து விற்கிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

யாராவது பயந்துவிட்டால்

திண்ணைக்குக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, தண்ணீரோ உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காலையில் சாப்பிடாமல், வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, புழுக்கமான மாடியில் அரை மணி நின்றால் யாருக்கும் கண் இருட்டும். பத்து நிமிடத்தில் தெளியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். கூட வந்த அம்மச்சி திருநீறு பூசினால், வீட்டுக்குப் போய் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால், தடுக்க வேண்டாம். பயந்த பிள்ளைக்கு அந்தக் கை தேவை. அதோடு தண்ணீரும் கொடுத்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே போவதற்கு முன்னால் கதையைச் சொல்லாதீர்கள். வீட்டைப் பார்த்த பிறகு சொன்னால் கூகையையும் மரநாயையும் அவர்களே கண்டுபிடித்துச் சொல்லுவார்கள்.

வெளியே வரும்போது, உள்ளே எந்த ஜன்னல் கொக்கி விட்டிருந்தது, எங்கே ஓடு விலகி வெளிச்சம் தெரிந்தது என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மழைக்கு முன்னால் ஓர் ஓடு மாற்றினால் ஒரு விட்டம் பிழைக்கும். பிறகு உடனே பஸ் ஏறிவிடாமல், எதிரில் டீக்கடை இருந்தால் அங்கே உட்காருங்கள். ஆறரை மணிக்கு மேல், முகட்டில் ஓட்டை இருக்கும் பக்கத்தைப் பார்த்தபடி இருங்கள். முதலில் சின்ன வௌவால்கள் பத்து இருபதாகக் கிளம்பும். அது அடங்கின பிறகு, இறக்கைச் சத்தமே இல்லாமல், வெள்ளையாக ஒன்று அந்த ஓட்டையிலிருந்து வெளியே வந்து, முற்றத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வயக்காட்டுப் பக்கம் போகும்.